டப்பியைப் பற்றி உன் அப்பா சொல்லாதது

தம்பி,

நீ நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நலமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ ஈப்போவிலிருந்து போன் பண்ணியபோது உன் அக்காதான் எடுத்தாள். "அட, நாய்தானேடா, வேற ஒண்ணு வாங்கிக்க லா" என்று அவள் சொன்னதையும், அதற்கு நீ பேச்சை மாற்றி இங்கே மழையா என்று கேட்டதையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு போன் என் கைக்கு வந்தது. நீ ஒரே பேச்சைத்தான் திரும்பத் திரும்பப் பேசினாய். "கேட்டைச் சாத்திட்டுப் போயிருந்தா போதும்மா." வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் நீ காரை எடுத்துக்கொண்டு போனாய், உன் நாய் ஜிம்மி பின்னாலேயே ஓடி வந்து பெரிய ரோட்டில் லோரியில் அடிபட்டது. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதை எழுதத்தான் வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

உன் அக்கா மேல் கோபப்படாதே. அவளுக்கும் உனக்கும் தெரியாத ஒரு விஷயம் இந்த வீட்டில் இருந்தது. உன் அப்பாவுக்கு நாய் என்றாலே பிடிக்காது என்று நீ இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். பள்ளிக்கூடம் போகிற வயதில் சீனர் கடையிலிருந்து ஒரு குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அவர் உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுக்க வைத்தார். நீ அவரோடு பல நாள் பேசவில்லை. அன்றைக்கு உன்னை வாசலில் விட்டவர் வீட்டுக்குள் வரவில்லை. கிணற்றடியில் நின்று முகத்தை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். அதை நீ பார்க்கவில்லை. காரணத்தை நானும் உனக்குச் சொல்லவில்லை.

டப்பி என்ற பெயரை வீராசாமி சித்தப்பா சொன்ன கதைகளில் நீ கேட்டிருக்கிறாய். அது நிஜ நாய். ஜப்பான்காரன் வருவதற்கு முன் நாங்கள் திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். உன் அப்பாவுக்கு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பூச்செடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. துரையின் நாய்களைக் குளிப்பாட்டுவதும் அவர்தான். ஜப்பான்காரன் வடக்கே இறங்கிவிட்டான் என்று செய்தி வந்த அன்று, துரை பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டுத் துப்பாக்கியோடு பங்களாவுக்குப் பின்னால் போனார். இரண்டு பெரிய நாய்களைச் சுட்டுவிட்டார். மூன்றாவது, செம்பட்டை நிறத்தில் காது தொங்கும் சின்ன நாய், வெடிச் சத்தத்தில் நடுங்கி உன் அப்பாவின் கால்களுக்கு நடுவே வந்து ஒளிந்துகொண்டது. துரை கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு துப்பாக்கியைத் தாழ்த்தி, நீயே வைத்துக்கொள் என்று கையைக் காட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். டஃபி என்று துரை கூப்பிட்ட நாய் அன்று சாயங்காலம் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து டப்பி ஆனது.

எனக்கு அது வந்தது பிடிக்கவில்லை என்பதை ஒளிக்கமாட்டேன். அரிசி கண்ணில் படாத காலம். மரவள்ளிக்கிழங்கையே ஆளுக்கு இவ்வளவு என்று பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தோம். இறைச்சியும் ரொட்டியும் தின்று வளர்ந்த நாய் கிழங்கை முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். "தொரை வூட்டு நாயி, தொரை சாப்பாடு கேக்குது" என்று திட்டுவேன். உன் அப்பா தன் தட்டிலிருந்து கிழங்கை எடுத்து மென்று, உருட்டி அதற்குக் கொடுத்துப் பழக்கினார். உன் அக்கா அப்போது தவழ்கிற பிள்ளை. நான் கிழங்குக் காட்டில் கொத்தப் போகும்போது அவளைத் தூளியில் போட்டுவிட்டுப் போவேன். அவள் அழுதால் டப்பி ஓடி வந்து என் சேலையைப் பிடித்து இழுக்கும். "நாய்தானே" என்று உன்னிடம் சொன்னாளே, அவளுக்குக் காவல் இருந்தது அந்த நாய். அவளுக்கு அது எப்படித் தெரியும்? நாங்கள் சொன்னால்தானே.

பிறகு சயாமுக்கு ரயில் சடக்குப் பாதை போட ஜப்பான்காரன் ஆள் எடுக்கிற காலம் வந்தது. முதலில் சம்பளம் தருவோம், துணி தருவோம் என்று கூப்பிட்டார்கள். போனவர்களிடமிருந்து சேதி வரவில்லை. அப்புறம் லோரியைக் கொண்டுவந்து பிடித்துப் போக ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலைக்கு வந்த ஆண்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போனதாகப் பேச்சு வந்தது. அந்தச் சமயத்தில்தான் பாக் ஹாஷிம் வந்தார். பெண்டாங்கில் நெல் வயல் வைத்திருந்த மலாய்க்காரர். சண்டைக்கு முன் பங்களா சமையலுக்கு வாத்து கொண்டுவந்து விற்பார், அந்தப் பழக்கம். வயலில் ஒரு குடிசை காலியாக இருக்கிறது, பிள்ளையையும் பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து இரு என்று உன் அப்பாவிடம் சொன்னார். டப்பி வந்து அவர் சைக்கிளை முகர்ந்தது. அவர் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். "அஞ்சிங் தா போலே லா" என்றார். நாய் மட்டும் கூடாது, அவர்கள் மார்க்கத்தில் ஆகாது என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்கள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

டப்பியை விட்டுவிட்டுப் போவது லேசான காரியமாக இல்லை. உன் அப்பா எங்கே போனாலும் அது பின்னாலேயே போகும். லயத்தில் கட்டிப் போட்டால் ஊளையிடும். நாங்கள் கிளம்பிவிட்டது கங்காணிக்குத் தெரிந்துவிடும். அடுத்த வீட்டில் வீராசாமி இருந்தான். கல்யாணம் ஆகாத பையன், உன் அப்பாவைக் கூடப் பிறந்தவர் மாதிரி நினைப்பவன். நாயைத் தான் வைத்துக்கொள்வதாக அவனே முன்வந்தான். "பழைய பால் ஸ்டோர்ல கட்டிட்டுப் போங்கண்ணே. அங்க கத்துனா யாருக்கும் கேக்காது. காலைல பிரட்டுல பேரு கூப்புட்டு முடிஞ்சி வந்ததும் நான் அவுத்து விட்டுடுறேன். அதுக்குள்ள நீங்க தூரம் போயிருப்பீங்க." ரப்பர் பால் சேர்க்கிற அந்தக் கொட்டகை சண்டை வந்ததிலிருந்து பூட்டாமல் மூடிக் கிடந்தது. லயத்திலிருந்து தள்ளி இருந்தது. விடிவதற்கு முன் உன் அப்பா டப்பியைக் கொண்டுபோய்க் கட்டினார். ஒரு டின்னில் தண்ணீர் வைத்தார். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். வழி முழுக்க அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பெண்டாங் போய் நாலைந்து நாள் ஆகியிருக்கும். எங்கள் தோட்டத்திலிருந்து தப்பி வந்த ஒருவரைச் சந்தையில் பார்த்தோம். நாங்கள் கிளம்பிய அதே காலையில் பிரட்டுக்களத்துக்கு லோரி வந்திருக்கிறது. யாரை எல்லாம் ஏற்றினார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

"வீராசாமியுமா?" என்று உன் அப்பா கேட்டார்.

"அவனத்தான் மொதல்ல ஏத்துனான். சட்டை எடுத்துக்கிட்டு வரேன்னு சொன்னான் பாவம், விடல."

குடிசைக்கு வந்ததும் உன் அப்பா உட்காரவில்லை. "அவன் அவுத்து விட்டுருக்க மாட்டான். நான் போய்ட்டு வந்துடுறேன்" என்றார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "போனா உங்களையும் புடிச்சிட்டுப் போயிடுவான். கைப்புள்ளய வச்சிக்கிட்டு பாஷை தெரியாத ஊர்ல நான் என்ன செய்வேன்? ஒரு நாய்க்காகவா போறீங்க?" அவர் என்னைப் பார்த்தார். என் இடுப்பில் இருந்த உன் அக்காவைப் பார்த்தார். போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டார். அன்று முழுக்க அங்கேயே இருந்தார். நான் தடுத்தது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை, தம்பி. சரி என்றும் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு டப்பி உயிரோடு இருந்திருக்கலாம். அந்த நினைப்பு வரும்போது இப்போதும் கையில் இருக்கிற வேலை நின்றுபோகும்.

ஆள் பிடிப்பது கொஞ்சம் ஓய்ந்த பிறகு, சில மாதம் கழித்து, அவர் தனியாகத் தோட்டத்துக்கு நடந்து போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். நான் கேட்காமலே சொன்னார். கதவு அவர் சாத்திய மாதிரியே இருந்ததாம். அடிப்பலகை முழுக்க நகக்கீறலாம். இருந்ததை எடுத்து, கொட்டகைக்குப் பின்னால் ஓடைப் பக்கம் சாய்ந்து நின்ற ஒரு ரப்பர் மரத்தடியில் புதைத்துவிட்டு வந்திருக்கிறார். "நான் போட்ட முடிச்சி அப்படியே இருந்துச்சி" என்றார். "நல்லா போட்டிருக்கேன்." அப்புறம் அழுதார். கல்யாணம் ஆனதிலிருந்து நான் பார்க்காத அழுகை. எனக்குப் பயமாக இருந்தது. வயிற்றில் பசி, உடம்பில் கிழிந்த துணி. சயாமில் செத்துப் போனதாகத் தினம் ஒரு பெயர் காதில் விழுந்துகொண்டிருந்தது. நான் சொன்னேன்: "போன ஆளுங்க பொணத்துக்கு அழ நாதியில்ல. நீங்க நாய்க்கு அழுறீங்களா?"

அழுகை சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு டப்பிக்காக அவர் என் முன்னால் அழவே இல்லை. நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு அந்த ஒரு பேச்சே போதுமான காரணம். உன் அக்கா போனில் சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டதற்கும் அதுதான் காரணம். பெரிய சாவுக்கு அழுத மிச்சத்தைத்தான் சின்னச் சாவுக்கு அழ வேண்டும் என்று ஒரு கணக்கு மனசுக்குள் கிடையாது. தன்னை நம்பி இருந்த ஒன்று, தன் கையாலேயே போனால் மனுஷன் அழத்தான் செய்வான். அழவிடாமல் செய்தால் அது வேறு எங்கேயாவது போய்க் குடியிருக்கும். உன் அப்பாவுக்கு அது சாப்பாட்டில் போய் உட்கார்ந்தது. கிழங்கை மென்றுகொண்டிருப்பவர் நடுவில் நிறுத்திவிடுவார். தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு எழுந்து போவார்.

அவர் இப்படி மெலிவதைப் பார்த்துப் பாக் ஹாஷிம் ஒரு நாள் வரப்பில் உட்கார வைத்துக் கேட்டார். உன் அப்பா எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்ததும் அந்த மனுஷருக்கு முகம் சிவந்துபோனது. மலாயில் கத்தினார். "ஏன் என்கிட்ட சொல்லல? நான் சைக்கிள்ல போயிருப்பேனே. என்னை யார் புடிப்பான்?" உன் அப்பா தயங்கித் தயங்கி, உங்களுக்கு நாய் ஆகாதே என்றார். "வீட்டுல வைக்க ஆகாதுன்னுதான் சொன்னேன். கட்டிப் போட்டது சாகட்டும்னா சொன்னேன்? தொட்டா கழுவிக்க எங்களுக்கு வழி இருக்கு." சொல்லிவிட்டு அவரும் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சந்தையில் செய்தி கேட்ட அன்றே, இரண்டு வயல் தள்ளி இருந்த அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவர் என்ன சொல்வார் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம்.

எல்லாரும் உன் அப்பாவிடம், உன் மேல் தப்பில்லை, காலம் அப்படி என்றார்கள். அது அவருக்கு உதவவே இல்லை. அதனால் நான் உன்னிடம் அப்படிச் சொல்லமாட்டேன். கேட்டைச் சாத்தாமல் போனது நீதான். ஆனால் மழையில் நனைந்து கிடந்த குட்டியைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நீதான். ராத்திரி ஒன்பது மணிக்கு வேலைவிட்டு வந்து, நீ சாப்பிடுவதற்கு முன் அதற்குச் சோறு பிசைந்து வைத்ததும் நீதான். ஒரு காலை நேரத்து மறதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் தூக்கிப் போடாதே. உன் அப்பா அப்படித்தான் செய்தார். மென்று உருட்டிக் கொடுத்த கிழங்கு அவருக்கு நினைவில் நிற்கவில்லை. முடிச்சு மட்டும்தான் நின்றது.

சண்டை முடிந்து நாங்கள் தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு ஒரு மத்தியானம் வீராசாமி வந்து சேர்ந்தான். சயாமிலிருந்து திரும்பி வந்த கொஞ்சப் பேரில் அவன் ஒருவன். காலில் ஆறாத புண். யார் என்று நானே யோசித்துப் பார்க்கிற அளவுக்கு உடம்பு உருக்குலைந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உன் அப்பாவைப் பார்த்தான்.

"அண்ணே, டப்பி?"

அங்கே இருந்த நாளெல்லாம் அதுதான் உறுத்திக்கொண்டிருந்ததாம். லோரியில் நின்றுகொண்டு, நாய் கட்டியிருக்கிறது, யாராவது அவிழ்த்துவிடுங்கள் என்று கத்தியிருக்கிறான். யார் காதிலும் விழவில்லை. உன் அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "போய்ப் பாத்தேன்டா" என்றார். "கயிறு அறுந்து கெடந்துச்சி. கடிச்சி அறுத்துட்டு ஓடிருச்சி. பாலிங் பக்கம் ஒரு செம்பட்ட நாயப் பாத்ததா ஆளுங்க சொன்னாங்க." வீராசாமி தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு அழுதான். உன் அப்பா அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்படிப்பட்ட உடம்போடு வந்தவனிடம் வேறென்ன சொல்ல முடியும்? நானும் அன்று அது நல்ல பொய் என்றுதான் நினைத்தேன்.

அதிலிருந்து வந்ததுதான் நீ கேட்டு வளர்ந்த கதைகள். பாலிங் மலையில் டப்பி புலியை விரட்டியது, எல்லை தாண்டிப் போய்ச் சயாம் நாயைக் கட்டிக்கொண்டது, அதன் பிள்ளைகள் இரண்டு பாஷையில் குரைத்தது எல்லாம். வீராசாமி சொல்லச் சொல்ல நீங்கள் உருண்டு புரண்டு சிரிப்பீர்கள். உன் அப்பா ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகக் கேட்பார். பாதியில் எழுந்து போனதே இல்லை.

நீ போன் பண்ணிய பிறகு உன் மகளோடு பேசினேன். நீ அவளிடம் ஜிம்மியைக் கேமரன்மலையில் நண்பர் ஒருவர் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லியிருக்கிறாய். அவள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீட்டுக்குப் பின்னால் நீயே குழி வெட்டிப் புதைத்துவிட்டாய். உன் மனைவி என்னிடம் சொன்னாள். பிள்ளை என்னிடம் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா? "பாட்டி, ஜிம்மி கேமரன்மலைக்குப் போயிருக்கு. ஆனா அதோட தட்டு, சங்கிலி எல்லாம் இங்கதான் இருக்கு. அப்பாகிட்ட கேக்கல. அப்பா பாவம்."

உன் அப்பா காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நீங்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு வீராசாமி மட்டும் என்னோடு இருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது, புண் வந்த அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறான். திடீரென்று சொன்னான்.

"அண்ணி, டப்பி ஓடிப்போகலன்னு எனக்குத் தெரியும்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"சயாம்லேருந்து வந்த மறுநாளே. பால் ஸ்டோருக்கு நடந்து போனேன். கதவு அடியில கீறல் இருந்துச்சி, கயிறு அறுபடாமக் கெடந்துச்சி. பாத்துட்டு வந்துட்டேன்."

"அப்புறம் ஏன்டா அவர்கிட்ட சொல்லல?"

"அண்ணன் அவ்வளவு ஆசையா சொன்னாரு அண்ணி. ஓடிப்போயிருச்சின்னு நெனச்சிக்கிட்டாதான் அவரால இருக்க முடியுமோன்னு தோணுச்சி. அதான் நான் கதையா சொல்லிக்கிட்டே இருந்தேன். அவரு பக்கத்துல வந்து உக்காந்து கேப்பாருல்ல."

அத்தனை வருஷமும் அவனுக்காக இவர் கதை கேட்டார், இவருக்காக அவன் கதை சொன்னான். ஒரே ஒரு நாள் இரண்டு பேரும் உண்மையைச் சொல்லிச் சேர்ந்து அழுதிருந்தால், உன் அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைக்காமல் கடைசிக் காலத்தைக் கழித்திருப்பார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். என் பழைய பேச்சுக்கு வெட்கப்பட்டுக்கொண்டே வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இனியும் அப்படி இருக்கமாட்டேன்.

வீராசாமி அந்த இடத்தைக் காட்டச் சொன்னான். அடுத்த வாரம் பஸ் ஏறிப் போனோம். லயம் இல்லை, பால் ஸ்டோர் இல்லை. ரப்பர் மரங்களை எல்லாம் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டிருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி வரிசை. ஓடையைக்கூட நேராக வெட்டித் திருப்பிவிட்டார்கள். இங்கேதான் என்று ஓர் இடத்தில் நின்றேன், பிறகு அங்கே என்று வேறோர் இடத்துக்குப் போனேன். கடைசியில் எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். "பரவால்ல அண்ணி, இங்கதான் எங்கியோ இருக்கு" என்று அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். நானும் நின்றேன்.

உனக்கு இடம் தெரியும், தம்பி. மண் இன்னும் புதுசாக மேடாகத்தான் இருக்கும். இதைப் படித்த அன்றைக்கே உன் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. கேட்டைப் பற்றியும் நீயே சொல். அவள் அழுதால் தடுக்காதே. உனக்கு அழுகை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

உன் அம்மா